மாவு வட்டி

மகனே,

நீயும் மருமகளும் பிள்ளைகளும் சோழவரத்து வீட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் ஒன்றைத் தவிர உடம்பில் குறை ஒன்றும் இல்லை. குறை மனதில்தான். போனில் சொல்லலாம் என்று பார்த்தால் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்கிறாய். உனக்கு ‘சரி’ என்றால் பேச்சு முடிந்துவிட்டது. எனக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் அந்த ஐந்து வகுப்பிலும் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தவள் இல்லை. வேதத்தை முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படித்து முடித்து, மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன். இதை அச்சடிக்கிற தம்பி என் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளட்டும். கருத்தில் கைவைக்க வேண்டாம்.

வீட்டு விஷயத்தை எதற்கு சபை மாத இதழில் எழுதுகிறாய் என்று உனக்குக் கோபம் வரும். நீதானே முதலில் அதைச் சபைக்குக் கொண்டுபோனாய்? நீ மைக்கில் சொன்னதை எத்தனை பேர் கேட்டார்களோ, அத்தனை பேரும் இதையும் படிக்கட்டும் என்று நினைத்தேன். உன்னைக் குறை சொல்வதற்காக இல்லை. யார் சொன்னது சரி, யார் செய்தது அன்பு என்று எனக்கே தெரியாமல் குழம்பிக் கிடக்கிறேன். இந்தக் குழப்பத்தில் ஒருத்தியின் இட்லிக் குண்டான் கவிழ்ந்து கிடக்கிறது. அது நிமிர்வது இப்போது உன் கையில் இருக்கிறது. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நீ படிக்கமாட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மோசேயின் சட்டத்தில் கடனைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று நீ எவ்வளவு அழகாக எடுத்துச் சொன்னாய்! ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே. அது பணமானாலும் சரி, தானியமானாலும் சரி. அவன் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு. ஏழாம் வருஷம் வந்தால் கடனையே விட்டுவிடு. இதெல்லாம் கல்லு மனசுக்காரர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக வைக்கப் போட்ட சட்டம், இயேசுவின் அன்பு வந்தபிறகு கடன் என்ற பேச்சே கிடையாது, கொடுப்பது மட்டும்தான் உண்டு என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். “என் சொந்த வீட்டிலேயே பாருங்கள், என் தாயார் ஓர் ஏழைச் சகோதரிக்குக் கிரைண்டரைக் கடனாகக் கொடுத்து, தினமும் மாவு வாங்கிக்கொண்டிருந்தார். அது வட்டிதான், மாவு வட்டி. நான் அதை நிறுத்தினேன். கிரைண்டரை அவர்களுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டேன்” என்றாய். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளி, “உன் புள்ள போதகர் மாதிரியே பேசறான்” என்றாள். எனக்குப் பெருமையில் தலை நிற்கவில்லை. வாசலுக்கு வந்து செருப்பைத் தேடும்போதுதான், என்னை வட்டி வாங்குகிறவள் என்று சொல்லிவிட்டானே என்று உறைத்தது. பெருமையும் அவமானமும் ஒரே பேச்சில் எப்படி வரும்? எனக்கு வந்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக, அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக்காரி. பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். புருஷன் வலையை அண்ணனிடம் விட்டுவிட்டு இங்கே கும்மிடிப்பூண்டியில் கம்பெனியில் காண்டிராக்ட் வேலைக்கு வந்தவன். இவள் கம்பெனி கேட்டுக்கு எதிரே, ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு நாஷ்டா கடை போடுகிறாள். நம் சபையைச் சேர்ந்தவள் இல்லை. வெள்ளிக்கிழமை வீடு கழுவி விளக்கேற்றுகிறவள். இதை எழுதலாமா, பேரைப் போடலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “எய்துக்கோ. நெஜப் பேரு மட்டும் வேணாங்க்கா, சரோஜான்னு போடு” என்றாள். “எங்கம்மா எனுக்கு அந்தப் பேருதான் வெக்கணும்னு இருந்துச்சாம், அத்தக்காரி வுடல. பொஸ்தகத்துலயாவது சரோஜாவா இருந்துட்டுப் போறேன்.” ஆகவே இங்கே அவள் சரோஜா.

அவள் கிரைண்டரின் மோட்டார் புகைந்து எரிந்துபோனது. புது மோட்டார்தான் போட வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். அன்றைக்குச் சாயங்காலம் வந்து நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். நான் மாவு அரைத்து விற்ற காலத்துக்கு நீ வாங்கித் தந்த பெரிய கிரைண்டர், சாக்குப் போர்த்திக் கிடந்தது.

“யக்கா, இது சும்மாத்தான கீது? கடனா குடேன்.”

“எடுத்துக்கினு போயேன். கடன் இன்னா கடன்.”

“சும்மா எடுத்துக்கினு போறதுக்கு இது இன்னா தெருக்கொழாத் தண்ணியா? கடனா குடு. தெனம் ஒரு சொம்பு மாவு உனுக்கு வந்துரும். என் மோட்டாரு வந்ததும் உன்து உன் ஊட்டுக்கு வந்துரும்.”

அவள் பேசிய கடன் அது. நான் கேட்டது இல்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இட்லிக்கு நான் தனியாக அரைத்து எத்தனை நாளாகிறது! காலையில் கடை முடிந்து வந்து, நம் வீட்டு கேட்டில் சாய்ந்துகொண்டு சொம்பை நீட்டுவாள். அன்று கம்பெனி கேட்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்த சூப்பர்வைசர் காசு கொடுக்காமல் வடை தின்றுவிட்டுப் போனான், ஒரிசாப் பையன் காரச்சட்னியைத் தின்றுவிட்டு எப்படிக் குதித்தான் எல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். உன் அப்பா போனபிறகு காலையில் என் வாசலுக்கு வருகிற முதல் குரல் அவளுடையதுதான். நீ வட்டி என்று சொன்னபிறகு அந்த சொம்பை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அதைக் கையில் வாங்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். அது அவளைப் பார்த்த சந்தோஷமா, என் பொருள் அவளிடம் இருக்கிறது, அதனால்தான் இவள் வருகிறாள் என்கிற சந்தோஷமா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. மாவில் அரிசி எது, உளுந்து எது என்று எப்படிப் பிரிப்பது?

சட்டத்தைப் புரட்டினால் குழப்பம் இன்னும் கூடுகிறது. சகோதரனிடம் வட்டி வாங்காதே, அந்நியனிடம் வாங்கலாம் என்று ஓர் இடத்தில் இருக்கிறது. சரோஜா எனக்கு யார்? நம் ஜெபக்கூட்டத்துக்கு வராதவள் என்பதால் அந்நியளா? எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனவள் அவள். அவளை அந்நியள் என்று சொல்ல என் நாக்கு வராது. சரி, சகோதரி என்று வைத்துக்கொண்டால், மாவு வாங்கியது தப்பு. மாவு வாங்கியது தப்பில்லை என்று நிற்க வேண்டுமானால் அவளை அந்நியள் ஆக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு முட்டுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சட்டம் ஏழைக்காகப் போட்டது. சரோஜா ஏழை என்று நீ எப்படி முடிவு செய்தாய்? அவளைக் கேட்டால், “சம்பளமும் இல்லாம, கடையும் இல்லாம குந்திகினு கீறவ நீதான் ஏழ” என்பாள்.

நீ அவளுக்குக் கொடுத்த அன்றைக்கு நடந்ததை மறுபடி உனக்குச் சொல்கிறேன். நீ பார்த்தது ஒன்று, நான் பார்த்தது ஒன்று. சனிக்கிழமை நீ வந்திருந்தாய். அவள் சொம்போடு வந்தாள். நீ விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, “அக்கா, இனிமே இந்த மாவெல்லாம் வேணாம். கிரைண்டரு உங்களுதே. நீங்களே வெச்சுக்கோங்க. அம்மாவுக்கு நான் சின்னதா ஒண்ணு வாங்கித் தர்றேன்” என்றாய். உன் குரலில் கள்ளம் இல்லை. நீ சின்ன வயதில் பென்சிலை இரண்டாக உடைத்துப் பக்கத்துப் பையனுக்குக் கொடுப்பாயே, அதே குரல். அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “அப்டியாக்கா?” என்றாள். நான், “புள்ள ஆசையா சொல்லுது” என்றேன். “சரி நைனா” என்று சொல்லிவிட்டு, மாவை என் பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு ஒரிசாப் பையன் கதை ஒன்றும் சொல்லவில்லை. நீ அதைக் கவனித்திருக்கமாட்டாய். உனக்கு அவள் கதையெல்லாம் தெரியாதே.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். அந்தக் கிரைண்டரை எனக்கு வாங்கித் தந்தபோது “இது உனக்கும்மா” என்றுதானே சொன்னாய்? எனக்குக் கொடுத்ததை நீயே எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்தால், எனக்குக் கொடுத்தது அன்பளிப்பா கடனா? கேட்டால் நீ சிரிப்பாய். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

ஞாயிறு நீ சாட்சி சொன்னாய். மறுநாளே அது கம்பெனி கேட்டுக்குப் போய்விட்டது. நம் சபையில் ஒருவர், பேர் வேண்டாம், நல்ல மனிதர், தினமும் அவள் கடையில் சாப்பிடுகிறவர், தட்டை நீட்டிக்கொண்டே, “இது சபையில குடுத்த கிரைண்டர்ல அரைச்ச மாவு தானே? ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். நம்ம கிரைண்டர்தான, இன்னும் ஒண்ணு சேத்து வெய்ங்களேன்” என்றிருக்கிறார். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அங்கே அவள் புருஷனும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தான். அவனோடு வேலை செய்கிறவர்களும் இருந்தார்கள். சாயங்காலம் ஒரு மீன்பாடி வண்டியில் கிரைண்டர் நம் வாசலில் வந்து இறங்கியது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, டிரம்மைத் துணியால் துடைத்து, வயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். “இந்தாக்கா, உன் புள்ளயோட தர்மம். கல்லு, பெல்ட்டு எல்லாம் சரியா கீதா பாத்துக்கோ” என்றாள். நான் கூப்பிடக் கூப்பிட வண்டிக்காரனோடு போய்விட்டாள்.

அன்று ராத்திரியே உனக்குப் போன் செய்தேன். “அவங்களுக்கு ஈகோம்மா. கிருபைய ஏத்துக்கறதுக்கும் ஒரு தாழ்மை வேணும்” என்றாய். உன் பேச்சைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. உண்மைதான். நாம் வாங்கியிருக்கிறோமே. இரும்புக் கம்பெனியில் உன் அப்பாவுக்குக் கை நசுங்கி, சம்பளம் இல்லாமல் வீட்டில் கிடந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். சபை வீடுகளில் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து ஆண்டவருக்கென்று தனியாகப் போட்டு, மாதம் ஒருமுறை சபைக் கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்த அரிசி நமக்கு வந்தது. ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் ரேஷன், எங்கோ ஒரு வீட்டில் சிவப்பரிசி, எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். எப்படி வடித்தாலும் ஒரு பருக்கை குழைந்துபோகும், பக்கத்துப் பருக்கை பல்லில் நறுக்கென்று நிற்கும். நீ தட்டில் அதைப் பார்த்துவிட்டு, “இன்னிக்குக் கலர் சோறாம்மா?” என்று குதிப்பாய். அதை வாங்க எனக்கு ஒருநாளும் வெட்கமாக இருந்ததில்லை. யார் வீட்டுக் கைப்பிடி என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. தன் கைப்பிடி யார் உலைக்குப் போனது என்று கொடுத்தவளுக்கும் தெரியாது. உன் அப்பா மறுபடி வேலைக்குப் போன மாதத்திலிருந்து நானும் ஒரு கைப்பிடி எடுத்துப் போட ஆரம்பித்தேன். இன்றுவரை நிறுத்தவில்லை. அப்படியானால் நான் வாங்கியது தானமா, இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிற கடனா? யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் திருப்பாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அதனால் கொடை தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கொடையில்தான் நீ வளர்ந்தாய். ஆனால் நம் வீட்டுக்கு அரிசி வந்ததை யாராவது மைக்கில் சொல்லியிருந்தால், உன் அப்பா அந்தச் சோற்றைத் தொட்டிருப்பாரா? கொடுப்பது ஒன்றாகத்தான் இருக்கிறது, ஏன் ஒரு வீட்டில் அது இறங்குகிறது, இன்னொரு வீட்டில் தொண்டையில் நிற்கிறது?

இயேசு சொன்னதையாவது பார்ப்போம் என்று மலைப்பிரசங்கத்தையும் மற்றதையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்கிறவனுக்குக் கொடு என்கிறார். அது உன் பக்கம். ஆனால் இன்னோர் இடத்தில், திரும்பி வரும் என்று எதிர்பார்க்காமல் கடன் கொடுங்கள் என்கிறார். இந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. எதிர்பார்க்காமல் கொடுப்பதென்றால் அதைக் கொடை என்று சொல்லிவிட்டுப் போகலாமே? ஏன் கடன் என்கிறார்? எதிர்பார்க்கக்கூடாது என்றால் அது எப்படிக் கடன் ஆகும்? யோசித்து யோசித்து எனக்கு ஒன்று தோன்றியது. வாங்கினவள் வீட்டில் அது கடனாக இருக்கட்டும், கொடுத்தவள் வீட்டில் அது மறந்துபோனதாக இருக்கட்டும் என்கிறாரோ என்னவோ. அவள் தலை நிமிர்ந்து திருப்பிக் கொண்டுவரலாம். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது. இதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒருநாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம், நான்தான் தினமும் காலையில் அந்த சொம்புக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேனே என்று நினைவு வந்தது. மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டேன். போதகரைக் கேட்டேன். “நல்ல கேள்விம்மா” என்றார். அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

இதற்குள் சரோஜா இட்லியை நிறுத்திவிட்டாள். கடையில் மாவு வாங்கிச் சுட்டால் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. பூரி மட்டும் போடுகிறாள். வடநாட்டுப் பையன்கள் சாப்பிடுகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் எல்லாம் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். கேட்டில் ஒருமுறை நகர்ந்துபோன கூட்டம் திரும்பி வருவது லேசில்லை. அது எனக்குத் தெரியும், நானும் விற்றவள்.

நீ அன்று சொல்லாமல் விட்ட ஒன்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அடகு வாங்கப் போகிறவன் கடன்காரனுடைய வீட்டுக்குள்ளே நுழையக்கூடாதாம். வெளியே நிற்க வேண்டுமாம். உள்ளே இருக்கிறவனே எடுத்துக்கொண்டு வந்து தருவானாம். எதற்கு இப்படி என்று பலதரம் படித்தேன். அவன் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கொடுத்தவன் கண் வைக்கக்கூடாது என்பதற்காகத்தான் இருக்க வேண்டும். மகனே, நீ அவள் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. ஆனால் அவள் வீட்டில் என்ன இல்லை என்பதை மைக்கில் சொன்னாய்.

போன வியாழக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போய், வாசலுக்கு வெளியே நின்றேன்.

“இன்னாக்கா வெய்யில்ல நின்னுகினு? உள்ள வா” என்றாள். கோபம் இருந்தாலும் அவளுக்கு அழைக்காமல் இருக்கத் தெரியாது.

“வரமாட்டேன். கடன் குடுக்கறவ வெளியதான் நிக்கணும். சட்டம்.”

“எந்த சட்டம்? பேரூராட்சியா?”

“மோசே சட்டம்.”

“அவரு எந்த ஊரு?”

“எகிப்து பக்கம்.”

“அம்மாந் தூரத்துல இருந்து என் வாசப்படிக்கு சட்டம் போட்டாரா! சரி, படியிலயாவது குந்து. முட்டி வலிக்கும்னு அவருக்கு இன்னா தெரியும்?”

உட்கார்ந்தேன். கிரைண்டரை எடுத்துக்கொண்டு போ, கொடையாக இல்லை, முன்பு இருந்த மாதிரி கடனாகத்தான் என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

“முன்ன மாதிரி முடியாதுக்கா. உன் புள்ள நாளைக்கு மறுக்கா தர்மம்னு சொல்லிட்டா? அடகு வெக்கறேன். அப்பத்தான் அது கடன்னு நாலு பேருக்குத் தெரியும்.” உள்ளே போய், எரிந்துபோன தன் கிரைண்டரின் கல்லைத் தரையில் உருட்டிக்கொண்டு வந்தாள். “இந்தா. மோட்டாரு வர்ற வரிக்கும் உன் ஊட்டுல கெடக்கட்டும்.”

“ஐயோ, அது கூடாதுடி. அரைக்கற கல்ல அடகு வாங்கவே கூடாதுன்னு எய்திகீது. அது பொழப்பாம்.”

“அப்ப போர்வ எட்த்தாரட்டா?”

“பொழுது சாயறதுக்குள்ள நான் திரும்பக் கொண்டாந்து குடுக்கணும்.”

“தெனமுமா? உன் முட்டி இன்னாத்துக்கு ஆவும்?” அவள் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “இன்னா பேஜாரான சட்டமா கீது! வட்டியும் வாங்கக் கூடாது, அடகும் புடிக்கக் கூடாது. அப்பால எதுக்கு அதுக்குக் கடன்னு ஒரு பேரு?”

“அதத்தாண்டி நானும் ஒரு மாசமா கேட்டுகினு கீறேன்” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. உள்ளே படுத்திருந்த அவள் புருஷன் எழுந்து வந்து, ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு என்று பார்த்துவிட்டுப் போனான்.

சிரித்து முடித்தபிறகு நான் கேட்டேன். “நீ அந்த வடநாட்டுப் பசங்களுக்குக் கடனுக்கு நாஷ்டா போடறியே, ஊருக்குப் போறவன் எல்லாம் திரும்பி வந்து டப்பு குடுக்கறானா?”

“பாதி பேரு வருவான்.”

“வராதவனுக்குப் போட்டது தர்மந்தான? அதுக்கு மட்டும் உனுக்கு ரோஷம் இல்லியா?”

“அது எப்டி தர்மம் ஆவும்? அவன் இன்னும் எனுக்குக் கடன்காரன்தான். எங்கியோ ஒரிசாவுல குந்திகினு இட்லியப் பாக்கற அன்னிக்கு, கேட்டாண்ட கீற அக்காவுக்குக் குடுக்கணுமேன்னு நெனப்பான் இல்ல? தர்மம்னு சொல்லியிருந்தா துன்னுட்டுக் கை கழுவிகினு போயிருப்பான்.” அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “கடன்னா நான் தெனம் சொம்ப எட்த்துகினு உன் வாசலுக்கு வருவேன், கேட்ல சாஞ்சிகினு நாலு வார்த்த பேசுவேன். தர்மம்னா நான் இன்னாத்துக்கு வரணும்? கும்புடு போடறதுக்கா?”

அவள் சொல்வது சரி என்றால் அந்தக் கைப்பிடி அரிசி என்ன? அதற்காக நான் யார் வாசலுக்கும் போய் நிற்கவில்லை. ஆனால் கோயிலில் கும்பிடும்போது எல்லார் முகத்தையும் பார்த்துக் கும்பிடுகிறேன், இவர்களில் யாரோ என்று. அதுவும் அன்புதானே? நீ படித்தவன். இதற்குப் பதில் தெரிந்தவன் மாதிரி உடனே எழுந்து பேசிவிடாதே. கொஞ்ச நாள் என்னோடு சேர்ந்து குழம்பியிரு.

இப்போது அவள் கேட்டதைச் சொல்கிறேன். அடகாக எதைக் கொடுத்தாலும் நான் வேண்டாம் என்றதும் அவள் கொஞ்ச நேரம் கல்லைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: “சரி, அடகு வேணாம். உன் புள்ளய அனுப்பு. இந்தப் பொஸ்தகம் வர்ற ஞாயித்துக்கெழம கிரைண்டர எட்த்தாந்து அரைச்சு வெக்கறேன். திங்கக்கெழம காத்தால கடைக்கு வரட்டும். நாலு பேரு பாக்க நின்னுகினு துன்னட்டும். துன்னு முட்ச்சிட்டு போன எட்த்து ஸ்கேன் பண்ணக் கூடாது. ‘அக்கா, நாளைக்குக் குடுக்கறேன்’னு வாயால சொல்லிட்டுப் போவணும். ஒரே ஒரு ராத்திரி என் கடன்காரனா தூங்கிப் பாக்கட்டும். அப்பால அவன் எனுக்கு இன்னா குடுத்தாலும் வாங்கிக்கறேன். வரலன்னா அன்னிக்கு சாயங்காலமே மீன்பாடி வண்டி உன் வாசலுக்கு வந்துரும்.”

“மாவு?” என்று கேட்டேன். நாக்கு அடங்கவில்லை.

“மாவு வரும். வட்டின்னு சொல்லிகினு வந்தான்னா சட்னியக் கொறச்சுருவேன்னு சொல்லு.”

உனக்கு இது பிடிக்காது என்று தெரியும். கடன் சொல்வது உனக்குப் பழக்கமே இல்லை. டீ குடித்தாலும் கிளாஸை வைப்பதற்கு முன்னால் காசு போய்விடும். அப்படி வளர்த்தது நான்தான், அதில் எனக்குக் கர்வமும் உண்டு. யாருக்கும் ஒன்றும் கடன்படாமல் இருப்பதுதான் கௌரவம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். இப்போது போய்க் கடன் சொல் என்கிறேன். இது சட்டமா அன்பா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் கேட்கிறாள், அவளுக்குக் கொடுக்க உன்னிடம் இது இருக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

நீ காட்டுப்பள்ளிக்கு வேலைக்குப் போகிற வழி இது இல்லை, சுற்றுத்தான். அந்தத் திங்கட்கிழமை ஒருநாள் மட்டும் சீக்கிரமாகக் கிளம்பி வா. ராத்திரி ஷிப்ட் விடுவதற்குள் வந்து இடம் பிடித்துக்கொள், ஷிப்ட் விட்டால் கேட்டில் கூட்டம் மொய்த்துவிடும், நிற்க இடம் கிடைக்காது. நான் கேட்டுக்கு எதிரே வந்து நிற்கமாட்டேன். நான் நின்றால் நீ எனக்காகச் சாப்பிடுவாய்.

உன் அம்மா.